படகில் கேட்ட கேள்விகள்

போன மாதம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் உங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: "அன்ரி, உங்கட வேலையில நீங்கள் செய்த வேர்ஸ்ட் மிஸ்டேக் என்ன? சீரியஸா."

நான் சிரித்துவிட்டுத் தேநீரைக் குடித்தேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதனால் பதிலை எழுதித் தருகிறேன்.

திட்டங்களை மதிப்பிடுவது நம் தொழில். ஒரு திட்டம் செய்வதாகச் சொன்னதைச் செய்ததா, வந்தவர்களின் வாழ்க்கையில் அதனால் ஏதாவது மாறியதா என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறோம். எப்படிச் செய்வது என்பதை உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றியும், அதனால் ஓர் இலையுதிர்காலம் முழுவதும் படகில் போய்வந்ததைப் பற்றியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் நல்ல மருந்துகள் இன்னும் வந்திருக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவள். ரொறன்ரோவுக்கு வந்து மறுபடி படித்து, சிறிய ஆய்வு நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஒருநாள் பணிப்பாளர் என் மேசையில் ஒரு கோப்பை வைத்தார். தற்பால், இருபால் ஈர்ப்புள்ள கறுப்பின ஆண்களுக்கான எச்.ஐ.வி. தடுப்புக் குழு. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவர்கள் கூடுவார்கள். அது பயன் தருகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

ஒஷாவாவில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த என் கணவரிடம் அன்று மாலை சொன்னேன்.

"உது ஏன் உமக்கு? வேற வேலை தரமாட்டினமோ?" என்றார்.

"ஏன், இதில என்ன?"

"எனக்கு ஒண்டுமில்லை. சனம் கேட்டா என்ன சொல்லுறது?"

"சுகாதார வேலை எண்டு சொல்லுங்கோ."

அப்படியே சொன்னோம். மாமியின் வீட்டிலும் கோயிலிலும் நான் சுகாதார வேலை செய்பவள்.

அவர்கள் கூடிய அறை எக்ளின்டன் வீதியின் மேற்குப் பக்கத்தில், முடிவெட்டும் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. ஞாயிறுகளில் கடை பூட்டியிருக்கும். தலைமுடி எண்ணெயின் இனிப்பான வாசம் மட்டும் படிகளில் ஏறி வரும். அறைக்குப் பெரிய யன்னல். மார்ச் மாத வெயில் அதில் சாய்ந்து விழுந்து, கதிரைகளில் இருந்தவர்களின் தோளிலும் முழங்காலிலும் ஊர்ந்து, கூட்டம் முடியும்போது சுவரில் போய் நிற்கும். இன்றைக்கும் அந்த அறையை நினைத்தால் முதலில் அந்த வெயில்தான் வருகிறது. முகங்கள் அதற்குள்ளிருந்து மெல்ல மெல்லத் தெரிகின்றன.

குழுவை நடத்தியவர் பார்படோஸிலிருந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும். வார நாட்களில் ஒரு வைத்தியசாலையில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிச் செல்லும் வேலை. எல்லோரும் அவரைத் தலைவர் என்றார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். அவர்கள் பேசியது கரீபியன் ஆங்கிலம். ஆனால் அந்தப் பேச்சு என் காதில் எங்களுடைய பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"சிஸ்டர், மூலையில இருந்து எழுதுறதெண்டா வராதேங்கோ," என்றார் முதல் நாளே. "வட்டத்துக்குள்ள இருங்கோ. பேனையை மூடி வையுங்கோ. எல்லாரும் தங்களைப் பற்றி ஒண்டு சொல்லுவினம். நீங்களும் சொல்லவேணும்."

என் முறை வந்தபோது வேறொன்றும் தோன்றாமல் உண்மையைச் சொன்னேன்: "நான் இங்க வாறதை எங்கட ஆக்களுக்குச் சொல்லேல்லை."

அறை முழுவதும் சிரித்தது. "அப்ப நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீங்கள்," என்றார் ஒருவர்.

அவர்கள் என் படிவங்களில் பெயர் எழுத மறுத்தார்கள். பெயருக்குப் பதிலாக ஒவ்வொருவரும் மூலையில் ஒரு சிறு படம் வரைந்தார்கள்: மீன், பூட்டுத் திறப்பு, தொப்பி. நாற்பது வயதுள்ள பஸ் சாரதி ஒருவர் குடை வரைந்தார். கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகப் போட்டு, பரீட்சை எழுதும் பிள்ளையைப்போலக் குனிந்து வரைந்தார். தன் அக்காவுடனும் அக்காவின் இரண்டு பிள்ளைகளுடனும் ஒரே வீட்டில் இருந்தவர். அவரைக் குடைக்காரர் என்றே சொல்கிறேன்.

குடைக்காரர் அதிகம் பேசமாட்டார். மூன்றாவது ஞாயிறு மட்டும் வாய் திறந்தார்.

"ஆணுறை போடு எண்டு சொல்லுறது கஷ்டமில்லை. சொன்னா, எனக்கு எச்.ஐ.வி. வருத்தம் இருக்கெண்டு அவன் நினைப்பான். இல்லாட்டி, தனக்கு இருக்கெண்டு நான் நினைக்கிறதா நினைப்பான். வாய் திறந்தாலும் பிழை, மூடினாலும் பிழை."

"பஸ்ஸில ஏறுறவனிட்ட டிக்கெட் கேக்க வெக்கப்படுறியோ?" என்றார் தொப்பி வரைந்தவர். "அதே குரலில கேள்!"

குடைக்காரர் உண்மையாகவே அந்தக் குரலில் கேட்டுக் காட்டினார். சிரித்துச் சிரித்துத் தலைவருக்குக் கண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் ஆளுக்கொரு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். கெஞ்சியும், அதட்டியும், பகிடியாகவும். அந்த மத்தியானம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆறு ஞாயிறுகள் முடிந்தன. மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவரிடமும் மறுபடி கேள்வி கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்காகத் தொலைபேசி இலக்கங்களைச் சிறிய அட்டைகளில் எழுதித் தந்திருந்தார்கள். வேறு யாராவது எடுத்தால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவள் நான்.

ஓகஸ்ட் மாதம், மாலை நான்கு மணி. குடை வரைந்த அட்டையை எடுத்து இலக்கத்தை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தார். என்னைவிட மூத்த, கனிவான குரல்.

"அவன் வேலைக்குப் போட்டான், கண்ணே. ஆர் எண்டு சொல்லட்டும்? பென்சில் எடுத்திட்டன், சொல்லுங்கோ."

உடனே தொலைபேசியை வைத்துவிட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பென்சிலோடு காத்திருக்கும் ஒரு மூத்த பெண்ணுக்குப் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைக்க என் வளர்ப்பு விடவில்லை. "ஒரு சுகாதார ஆய்வு," என்றேன். அவர் இலக்கத்தைக் கேட்டார். அலுவலக இலக்கத்தைக் கொடுத்தேன். நன்றி சொல்லி வைத்தார். மரியாதையாக முடிந்த ஓர் உரையாடல். நான் அடுத்த அட்டையை எடுத்தேன்.

எடுத்தவர் குடைக்காரரின் அக்கா; அரை மணி நேரம் கழித்து அவர் எங்கள் அலுவலகத்துக்கு எடுத்திருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் ஒவ்வொரு அழைப்புக்கும் சொல்வதுபோல நிலையத்தின் பெயரைச் சொல்லி, "எச்.ஐ.வி. ஆய்வுப் பகுதியா, மற்றப் பகுதியா?" என்று கேட்டிருக்கிறாள்.

அடுத்த நாள் காலை குடைக்காரர் சாரதிச் சீருடையோடு வந்து எனக்கு முன்னால் இருந்தார். கோபப்படவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லுங்கோ. ஒரு சொல்லும் விடாமல். அக்காவுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது எண்டு எனக்குத் தெரியவேணும்."

சொன்னேன். வரவேற்பில் நடந்ததையும் விசாரித்து வந்து சொன்னேன். அவர் யன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேற்று வீட்ட போக, வாசல்படியில ஒரு பை," என்றார். "என்ர கோப்பை, என்ர பிளேட், என்ர கரண்டி. எல்லாம் பிளீச் போட்டுக் கழுவி இருந்தது. நான் வந்தா சின்னதுகள் ரெண்டும் ஓடிவந்து காலைக் கட்டிப்பிடிக்குங்கள். நேற்று அக்கா ரெண்டையும் கையில பிடிச்சு வைச்சிருந்தவ." பிறகு, "நான் இன்னும் இரத்தப் பரிசோதனைகூடச் செய்யேல்லை," என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை அசைத்தார். அது ஏற்றுக்கொண்ட அசைவா, போதும் என்ற அசைவா என்று தெரியவில்லை. எழுந்து வேலைக்குப் போனார்.

பணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண்மணி, நெருக்கடியிலும் இருந்தார். அறிக்கை ஒக்டோபர் முடிவில் போகாவிட்டால் குழுவுக்கு வரும் உதவி நின்றுவிடும். "அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்," என்றார். "அது பொய்யில்லையே."

பொய்யில்லைதான். நம் வேலையில் பொய் வசனங்களைவிட, பொய்யில்லாத இப்படியான வசனங்களுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். அன்று மாலை முழுவதும் அந்த வசனம் எனக்கு இதமாகவே இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஓட்டுநரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் வீட்டிலும் ஒரே தொலைபேசிதான், ஐந்து பேர். என் அகதி வழக்கு நடந்த காலத்தில் யார் எடுத்து என்ன கேட்டாலும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தவள் நான். மற்றவர்களின் வீட்டிலும் தொலைபேசி அப்படித்தான் ஒலிக்கும் என்பது ஏன் எனக்கு எட்டவில்லை?

குழு முடிந்த பிறகும் அவர்கள் ஞாயிறுகளில் கூடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு அட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். குடைக்காரரின் கதிரை வெறுமையாக இருந்தது. அவர் அலுவலகத்துக்கு வந்த அன்றே அனுமதி கேட்டிருந்தேன். "சொல்லுங்கோ, மற்றவங்களும் கவனமா இருக்கட்டும்," என்றிருந்தார். வட்டத்தில் இருந்து நடந்ததைச் சொன்னேன். விதியை எழுதியவளும் மீறியவளும் நான்தான் என்றேன்.

மீன் வரைந்தவர் எழுந்து வந்து கையை நீட்டினார். அவருடைய அட்டையைக் கொடுத்தேன். அதை நான்காகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசி அட்டையும் போனபோது என் கை வெறுமையாக இருந்தது. வெயில் சுவருக்குப் போய்விட்டிருந்தது.

"உதோட எங்களுக்கு வாற உதவியும் போச்சு," என்றார் தொப்பிக்காரர்.

"அறிக்கையில என்ன எழுதுவீங்கள்?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"நடந்ததை."

"உங்களுக்கு எங்களிட்ட இன்னும் ஏதாவது கேக்கவேணுமோ?"

அந்த நேரத்தில் அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. "ஓம்," என்றேன். "ஆனா எங்க, எப்ப, கேக்கலாமோ வேண்டாமோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

மீன்காரர் சொன்னார்: "ஏரியில ரொறன்ரோத் தீவுக்குப் போற படகில. கோடை முடிஞ்சா எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் அங்க போகாயினம்."

அப்படித்தான் முடிவானது. செப்டம்பர் நடுவிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் இரண்டு மணிக்கு நான் நகரத்துத் துறையில் நிற்பேன். யாருக்கும் அழைப்பு இல்லை. விரும்பியவர் வரலாம், வராதவரைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

முதல் இரண்டு சனிக்கிழமைகள் ஒருவரும் வரவில்லை. இருந்தாலும் படகில் ஏறினேன். ஏரி சாம்பல் நிறத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பின்னால் நகரத்தின் கோபுரங்கள் ஒவ்வொன்றாக மெலிந்து போயின. முன்னால் தீவின் மரங்கள் மஞ்சளாகி, தண்ணீரில் தலைகீழாக நின்றன. யன்னலோரத்தில் சைக்கிளோடு ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் முழக்கம் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒரு வேலையில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். பதினைந்து நிமிடம் போவது, பதினைந்து நிமிடம் வருவது.

மூன்றாவது சனிக்கிழமை தொப்பிக்காரர் வந்தார். மேல்தட்டில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்கும் எங்கள் பேச்சுக் கேட்காது. கேள்விகளைக் கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். பாதியில் நிறுத்தினார்.

"சிஸ்டர், மார்ச்சில நான் எழுதினது பொய்."

"எது?"

"எல்லாம். எப்பவும் கவனமா இருக்கிறன் எண்டு போட்டனான். அண்டைக்கு உங்களை எனக்குத் தெரியாது. இப்ப சொல்லுறதுதான் உண்மை."

அதன் பிறகு வந்தவர்களில் இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். வெறும் தாளை மட்டும் பார்த்திருந்தால், குழுவுக்கு வந்த பிறகு இவர்கள் முன்பைவிடக் கவனமில்லாமல் போனார்கள் என்றுதான் எழுதியிருப்பேன். கூடியிருந்தது கவனமின்மை அல்ல, உண்மை. அதே நேரம், எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. யார் மாறினார், யார் மனம் திறந்தார் என்று என்னால் பிரிக்க முடிந்த அளவுக்குப் பிரித்தேன். முடியாததை முடியாது என்று எழுதினேன்.

ஒக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை ஏரி முழுவதும் மூடுபனி. படகு போகுமோ போகாதோ என்று நின்றேன். போனது. கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் ஒருவர் நடந்து வந்து ஏறினார். சீருடை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. குடைக்காரர்.

எனக்குப் பக்கத்தில் இருந்தார். கரை மறைந்தது, எதிர்க்கரை தெரியவில்லை. வெள்ளைக்குள் படகு ஊதிக்கொண்டே போனது.

"நகரத்துக்கு வெளிய, விட்பியில ஒரு பேஸ்மென்ற் அறை எடுத்திருக்கிறன்," என்றார். "காலமை ரெயினில வாறன். நித்திரை கொள்ள நல்ல நேரம்."

"அக்கா?"

"கதைக்கிறேல்லை. சின்னவள் மட்டும் தாய் இல்லாத நேரம் போன் அடிப்பாள். ஏழு வயசு. 'மாமா, இண்டைக்கு எந்த பஸ் ஓடினனீங்கள்?' எண்டு கேப்பாள். நான் இலக்கத்தைச் சொல்லுவன். உடன வைச்சிடுவாள்."

நான் கேள்வித்தாளை மடியில் திருப்பி வைத்தேன்.

"அக்காவுக்கு முதலே தெரியுமெண்டுதான் நினைக்கிறன்," என்றார். "எத்தினையோ வருசமா. நீங்கள் எடுக்காட்டிலும் ஒருநாள் வந்திருக்கும்."

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு அதைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. இரக்கத்தால் தந்ததை நான் சாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று அப்போதே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

"பரிசோதனை செய்தனான்," என்றார் பிறகு. "முடிவு என்னெண்டு உங்கட தாளில கேள்வி இருக்கோ?"

"இல்லை."

"நல்லது," என்று சிரித்தார். "மற்றதுகளைக் கேளுங்கோ."

கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, யோசித்துப் பதில் சொன்னார். தீவை அடைந்தோம், ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் ஏறவில்லை. படகு திரும்பியது. கடைசிக் கேள்வி முடிந்த பிறகு கரை வரும்வரை இருவரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அறிக்கையில் ஒரு பக்கம் என் தவறைப் பற்றி எழுதினேன்: என்ன செய்தேன், அதனால் எத்தனை பேரின் பதில்களை இழந்தோம், ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று, யாரென்று தெரியாதபடி. பணிப்பாளர் பென்சிலை எடுத்தார், ஆனால் ஒரு வரியையும் அடிக்கவில்லை. "இதை வைத்தே உதவியை நிறுத்திவிடுவார்கள்," என்றார். நிறுத்தவில்லை. உதவியை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்தார்கள். அந்தப் பக்கத்தினாலா, அதையும் மீறியா என்பது எனக்குத் தெரியாது. நல்லது நடந்தால் உங்கள் நேர்மைதான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் தலைவர் இறந்துபோனார். அவர் நோயோடிருந்ததை எங்களில் பலர் அறிந்திருக்கவில்லை. எங்களையெல்லாம் வாய் திறக்க வைத்தவர், அதை மட்டும் தன்னோடு வைத்திருந்தார்.

தேவாலயத்தில் பிரார்த்தனை. பனி பெய்து, ஒளி ஊறிய வெள்ளைப் பகல். உள்ளே போனபோது அவர்கள் எல்லோரையும் கண்டேன். ஒன்றாக இருக்கவில்லை. ஒருவர் தூணோரத்தில், ஒருவர் கடைசி வரிசையில், குடைக்காரர் யன்னலருகே. ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்கள்போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தார் எல்லோரும் அங்கே இருந்தார்கள். நான் ஒருவருக்கும் தலையசைக்காமல் நடந்துபோய் நடுவில் இருந்தேன்.

முடிந்த பிறகு வாசலை நோக்கி வரிசையாகப் போனோம். அங்கே அவருடைய தாயார் கதிரையில் இருந்தார். பார்படோஸிலிருந்து வந்திருந்தார், அவ்வளவு பெரிய கோட்டுக்குள் சிறிய உருவம். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நீங்கள் என்ர மகனை எப்பிடி அறிவீங்கள்?"

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அந்தக் குரலும் கனிவான குரல்தான்.

"வேலையால தெரியும், அம்மா."

"வைத்தியசாலையிலயோ?"

நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு அவரை அனுப்பவும் மனம் வரவில்லை.

"உங்கட மகனுக்கு முன்னால ஒருத்தருக்கும் பொய் சொல்லத் தேவை வராது, அம்மா," என்றேன். "அப்பிடி ஒரு மனிசனை நான் வேற காணேல்லை."

அவர் என் கையை இரண்டு கைகளாலும் மூடினார்.

"எனக்கு மட்டும் நிறையப் பொய் சொன்னவன்," என்றார், மெல்ல.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ அடக்க முடியாமல் விம்மினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.